பச்சிளங் குழந்தையின் சுவையுணர்வு

“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பிறந்த குழந்தைக்குத் தெரிந்த மொழி அழுகை ஒன்றே என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது. பசியையும் நோவையும் குளிரையும் குழந்தை அழுதே தெரிவிக்கிறது என்பது மெய்தான். ஆனால், அழுகையைக் காட்டிலும் நுட்பமான மற்றொரு மொழியும் அதற்கு உண்டு. பாலை உறிஞ்சும் செயலே அம்மொழி. எவ்வளவு வலிவோடு உறிஞ்சுகிறது, எத்தனை முறை இடைவிடாமல் உறிஞ்சுகிறது, எப்பொழுது நிறுத்தி இளைப்பாறுகிறது, நாவில் பட்டதை விழுங்குகிறதா, வெளியே தள்ளுகிறதா என்பவை எல்லாம் அக்குழந்தை நமக்குத் தரும் விடைகள். அந்த விடைகளைப் படிப்பதற்கு அறிஞர்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வரலாற்றையே இங்குக் காணப் போகிறோம். அது வெறும் ஆர்வத்தினால் எழுந்த ஆராய்ச்சியன்று. மாதம் நிறையாமல் பிறந்து, பால் குடிக்கும் ஆற்றலின்றித் தவிக்கும் எத்தனையோ சிசுக்களின் நல்வாழ்வு அதனோடு பிணைந்திருக்கிறது.

நாவில் இனிப்புப் பட்டால் குழந்தை வாயைக் குவித்துச் சப்பும் என்பதைப் பழங்கால மக்கள் அறிந்திருந்தனர். எபேசு நகரிற் பிறந்து, கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியில் மருத்துவம் புரிந்த சொரானஸ் என்னும் கிரேக்க மருத்துவர், பிறந்த குழந்தைக்கு முதல் உணவாகச் சிறிது தேன் தரவேண்டும் என்று தம் நூலில் எழுதினார். தாயின் முதற்பால் தடித்தது, செரிப்பதற்கு அரியது என்பது அவர் கருத்து. நம் நாட்டுச் சரக சம்ஹிதையும், பிறந்த குழந்தைக்கு முதலில் தேனும் நெய்யும் தந்து, அதன் பின்னர்த் தாய்ப்பால் ஊட்டும் முறையைக் கூறுகிறது. தமிழகத்தில் ‘சேனை வைத்தல்’ என்னும் வழக்கம் உண்டு. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தையின் நாவில் தொட்டு வைப்பார். அவருடைய குணம் குழந்தைக்கும் வரும் என்பது நம்பிக்கை. வளர்ந்த குழந்தைக்குப் பால் மறக்கடிக்க வேண்டுமானால், தாய் தன் மார்பில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொள்வாள். இனிப்பு உறிஞ்சத் தூண்டும், கசப்பு உறிஞ்சுவதைத் தடுக்கும் என்னும் இரண்டு உண்மைகளும் இவ்வாறு பாட்டிமாரின் கைப்பழக்கத்திலேயே இருந்தன.

ஆயினும் ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலே இருந்தது. குழந்தை இனிப்பை விரும்புவது, பாலைக் குடித்துக் குடித்துப் பழகியதனால் வந்த விருப்பமா? அல்லது பிறக்கும்போதே உடன் வந்த விருப்பமா? இக்கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. வளர்ந்தவரிடம் ஒரு பொருளைக் கொடுத்தால், “இனிக்கிறது” என்றோ, “கசக்கிறது” என்றோ அவர் கூறுவார். பேசாத சிசுவிடம் எவ்வாறு கேட்பது?

இதற்கு முதலில் வழி கண்டவர் அடால்ஃப் குஸ்மால் என்னும் ஜெர்மானிய மருத்துவர். நீரிழிவு முற்றிய நோயாளியிடம் காணப்படும் ஆழ்ந்த மூச்சுக்கு அவர் பெயரையே மருத்துவர்கள் இன்றும் வழங்குகின்றனர். அவர் 1859-ஆம் ஆண்டில், பிறந்த குழந்தையின் உளவாழ்வைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். சர்க்கரைக் கரைசலையும் கொயினாக் கரைசலையும் இளஞ்சூடாக்கி, இரண்டையும் தனித்தனியே சிசுக்களின் நாவில் தடவி, அவற்றின் முகத்தைக் கூர்ந்து நோக்கினார். கரைசலை இளஞ்சூடாக்கியதில் ஒரு நுட்பம் உண்டு. குளிர்ச்சியினால் குழந்தை முகம் சுளித்துவிட்டால், அது சுவைக்கு அளித்த விடையா, குளிருக்கு அளித்த விடையா என்று சொல்ல முடியாதன்றோ?

சர்க்கரை பட்டபோது குழந்தைகள் உதடுகளைக் குவித்து உறிஞ்சி, அமைதியாக விழுங்கின. கொயினா பட்டபோது முகத்தைக் கோணி, கண்களை இறுக மூடி, நாவை வெளியே நீட்டித் தள்ளின. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளும் இவ்வேறுபாட்டைக் காட்டின. எனவே சுவையுணர்வு பழக்கத்தினால் வந்ததன்று, பிறவியிலேயே அமைந்தது என்று குஸ்மால் துணிந்தார். பின்னர் 1882-இல் ஜெர்மனியின் யேனா நகரப் பேராசிரியர் வில்லெம் பிரையர், தம் மகனின் வளர்ச்சியை நாள்தோறும் குறித்து வைத்து எழுதிய ‘குழந்தையின் உள்ளம்’ என்னும் நூலில், பிறந்த குழந்தையின் புலன்களுள் சுவையே மிகவும் தேர்ந்தது என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

முகக்குறியைப் படிப்பதில் ஓர் இடர் உண்டு. ஒருவர் கண்ணுக்குப் புன்முறுவலாகத் தோன்றுவது, மற்றொருவர் கண்ணுக்கு வெறும் வாயசைவாகத் தோன்றலாம். ஆகவே, பார்ப்பவரின் விருப்பு வெறுப்புக்கு இடந்தராத கருவிகளை அறிஞர்கள் நாடினர். 1913-இல் கனெஸ்ட்ரீனி என்பவர், குழந்தையின் உச்சிக்குழியில் தோன்றும் துடிப்பையும் அதன் மூச்சையும் கருவியினாற் பதிவு செய்தார். இனிப்புத் தந்தபோது கோடுகள் அமைதியாகச் சென்றன. கசப்புத் தந்தபோது அவை கலங்கின. 1932-இல் அமெரிக்காவில் கை ஜென்சன் என்பவர், பால்புட்டியோடு அழுத்தமானி ஒன்றை இணைத்து, வெவ்வேறு சுவையும் வெப்பமும் உடைய நீர்மங்களைக் குழந்தை எவ்வாறு உறிஞ்சுகிறது என்பதைப் பதிந்தார். குழந்தையின் உறிஞ்சலே எழுதுகோலாகித் தன் விடையைத் தாளின்மேல் எழுதியது எனலாம்.

இதற்கிடையே, பிறப்பதற்கு முன்பே சுவையுணர்வு தோன்றிவிடுகிறதோ என்னும் ஐயமும் எழுந்தது. பனிக்குட நீர் அளவுக்கு மீறிப் பெருகித் துன்புற்ற கருவுற்ற பெண்களுக்கு, டச்சு நாட்டு மகப்பேற்று மருத்துவர் தெ ஸ்னூ என்பவர் ஒரு புதுமுறையைக் கையாண்டு, 1937-இல் அதனை வெளியிட்டார். இனிப்பூட்டும் சாக்கரினை அவர் பனிக்குட நீரிற் செலுத்தினார். நீர் இனித்தால் கருவிலுள்ள குழந்தை மிகுதியாக விழுங்கும், விழுங்கினால் நீரின் அளவு குறையும் என்பது அவர் கருத்து. உடன் ஒரு நீலச் சாயத்தையும் சேர்த்தார். குழந்தை விழுங்கிய சாயம் தாயின் இரத்தத்திற் கலந்து, அவள் சிறுநீரில் வெளிப்படும். அதைக்கொண்டு குழந்தை விழுங்கியதை அறியலாம். இது இக்கால மருத்துவர் பின்பற்றும் முறையன்று. ஆயினும், கருவின் 8-ஆம் வாரத்தை ஒட்டிச் சுவை அரும்புகள் தோன்றத் தொடங்குகின்றன என்பதும், கருவிலுள்ள குழந்தை பனிக்குட நீரை விழுங்குகிறது என்பதும் இன்று நன்கு அறியப்பட்ட செய்திகளாம்.

உறிஞ்சும் மொழியின் இலக்கணம் தெளிவானது 1960-க்குப் பிந்திய ஆண்டுகளிலேதான். குழந்தை ஓயாமல் உறிஞ்சுவதில்லை. சில முறை தொடர்ந்து உறிஞ்சும், பிறகு சற்றே நிறுத்தும், மீண்டும் தொடங்கும். பால் வரும்போது ஏறத்தாழ நொடிக்கு 1 முறை உறிஞ்சும். ஒன்றும் வராத வெறுங்காம்பைச் சப்பும்போது நொடிக்கு 2 முறை சப்பும். பாஸ்டன் நகரில் பணியாற்றிய பீட்டர் உல்ஃப் 1968-இல் இவ்விரு தாளங்களையும் விளக்கினார்.

சுவை மாறினால் இத்தாளமும் மாறுமா? அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் லிப்சிட் என்னும் உளநூற் பேராசிரியரும் அவருடைய மாணாக்கரும் இதனை ஆராய்ந்தனர். 1976-இல் சார்லஸ் குரூக்கும் லிப்சிட்டும் வெளியிட்ட ஆய்வில் வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. நீர்மத்தின் இனிப்பு மிகுந்தபோது, குழந்தைகள் இடையில் நிறுத்துவது குறைந்தது. தொடர்ந்து உறிஞ்சும் நேரம் நீண்டது. இது நாம் எதிர்பார்ப்பதே. ஆனால், ஒவ்வோர் உறிஞ்சலும் முன்னிலும் மெதுவாயிற்று! உறிஞ்சுவது மெதுவாகியும், நெஞ்சின் துடிப்போ விரைவாயிற்று. நல்ல பலகாரத்தை நாம் அவசரமின்றிச் சுவைத்து உண்பதில்லையா? அதுபோலவே பிறந்த குழந்தையும் இனிப்பை நாவில் நிறுத்திச் சுவைக்கிறது என்று அவர்கள் கருதினர். 1978-இல் குரூக், குழந்தை வெறுங்காம்பைச் சப்பி நிறுத்தும் இடைவேளையில் சிறு துளி ஒன்றை அதன் வாயில் இட்டுப் பார்த்தார். சர்க்கரைத் துளியாயின் அடுத்த தொடர் நீண்டது; உப்புத் துளியாயின் அது குறுகியது.

குழந்தைக்குச் சுவையை ஒப்பிடும் திறனும் உண்டு என்பதை 1972-இல் கோப்ரியும் லிப்சிட்டும் காட்டியிருந்தனர். தொடக்கத்திலிருந்தே வெறும் நீரைப் பெற்ற குழந்தைகள் அதனை ஓரளவு உறிஞ்சின. சர்க்கரை நீரைப் பெற்ற பின் வெறும் நீரைப் பெற்ற குழந்தைகளோ, அதே நீரை அவற்றினும் குறைவாக உறிஞ்சின. சில நிமிடங்களுக்கு முன் நாவில் நின்ற இனிப்பு, பின்னர் வந்த நீரின் மதிப்பைக் குறைத்துவிட்டது. பிறந்து சில நாட்களே ஆன சிசுவிடம் இத்தகைய ஒப்பீடு நிகழ்வது எண்ணத்தக்கது.

மற்றோர் அளவுகோல், குழந்தை எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பது. டெசோர் என்பவரும் அவருடைய துணைவரும் 1973-இல் இம்முறையைக் கையாண்டனர். பிறந்து சில நாட்களே ஆன சிசுக்கள், வெறும் நீரைக் காட்டிலும் சர்க்கரை கலந்த நீரையே மிகுதியாகக் குடித்தன. சர்க்கரை வகைகளுள்ளும் வேறுபாடு கண்டன; பாற்சர்க்கரையைக் காட்டிலும் கரும்புச் சர்க்கரையை மிகுதியாக விரும்பின. ஆனால், 1975-இல் அவர்கள் பிற சுவைகளைச் சோதித்தபோது விடை வேறாயிற்று. புளிப்புக் கலந்த நீரைக் குழந்தைகள் குறைவாகக் குடித்தன. உப்பும் கசப்பும் கலந்த நீரையோ, அவை இல்லாத நீரைப் போலவே குடித்தன!

அவ்வாறாயின், கொயினா பட்டதும் முகஞ்சுளித்த குஸ்மாலின் குழந்தைகள் என்னாயின? அதே காலத்தில் ஜெருசலேம் நகரில் ஜேக்கப் ஸ்டைனர் என்பவர், பிறந்து ஒரு முறையேனும் பால் குடியாத சிசுக்களின் முகக்குறிகளைப் படம் பிடித்து ஆராய்ந்து வந்தார். இனிப்புக்கு முகம் தளர்ந்து, உதட்டை நக்கி, உறிஞ்சுதல். புளிப்புக்கு உதட்டைக் குவித்தல். கசப்புக்கு வாயைப் பிளந்து நாவைத் தள்ளுதல் என்னும் மூன்றும் தெளிவாகப் புலப்பட்டன. மூளையின் பெரும்பகுதியான பெருமூளை வளராமற் பிறந்த சில குழந்தைகளிடமும் அதே முகக்குறிகள் தோன்றின. எனவே, இவ்வுணர்வுக்கு நிலைக்களம் பெருமூளையன்று. அதன் கீழுள்ள மூளைத்தண்டே என்பது விளங்கியது. மூச்சையும் விழுங்குதலையும் ஆளும் அப்பகுதியிலேயே சுவைக்கும் உறிஞ்சலுக்கும் முதல் முடிச்சு இடப்பட்டிருக்கிறது.

ஒருவர் குடித்த அளவை நோக்கினார். மற்றொருவர் முகத்தை நோக்கினார். வேறொருவர் உறிஞ்சலின் தாளத்தை நோக்கினார். கேட்கும் முறை வேறானதால் விடையும் வேறாயிற்று. குழந்தை கசப்பை உணர்கிறது, முகஞ்சுளிக்கிறது, ஆனால், மெல்லிய கசப்பாயின் குடிப்பதை அதற்காக நிறுத்திவிடும் ஆற்றல் இன்னும் அதற்கு முதிரவில்லை. உப்பைப் பொறுத்தவரையில் அதன் நிலை இன்னும் இரங்கத்தக்கது.

1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் நகர மருத்துவமனை ஒன்றில், சர்க்கரை இருக்கவேண்டிய கலத்தில் தவறுதலாக உப்பு நிரப்பப்பட்டது. அதனைக் கலந்து ஆக்கிய புட்டிப்பால் சிசுக்களுக்குப் புகட்டப்பட்டது. பிழை வெளிப்படுவதற்குள் குழந்தைகள் பலர் நோயுற்றனர். சிலர் உயிர் துறந்தனர். வளர்ந்தவர் எவரும் ஒரு வாய் கூடக் குடிக்கமாட்டாத பால் அது. இயற்கை குழந்தையின் நாவில் வைத்த காவலன் இனிப்பை வரவேற்க அறிவான். எல்லாத் தீங்கையும் தடுக்க அறியான். அக்காவலன் துயிலும் இடங்களில் விழித்திருக்க வேண்டியவர்கள் பெரியவர்களே.

இயற்கை ஏன் இவ்வாறு அமைத்தது என்பதை உணர்தல் அரிதன்று. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் பாற்சர்க்கரை உள்ளது. சிசுவுக்கு உயிர் தரும் உணவு இனிப்பானது. நஞ்சுடைய செடிகளோ பல கசப்பானவை. ஆகவே, இனிப்பை ஏற்கவும் கசப்பை அஞ்சவும் கற்பிக்கப்படாமலே அறிந்த குழந்தை பிழைத்தது. ஆனால், உப்பு மிகுந்த உணவைச் சிசு தற்செயலாகச் சந்திக்கும் நிலை இயற்கையில் இல்லை.

இந்த அறிவு மருத்துவமனையில் பயன்பட்ட வரலாறு சிறப்புடையது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் இணைந்து இயங்கும் திறன், கருவின் 34-ஆம் வாரத்தை ஒட்டியே சிசுவுக்கு வாய்க்கிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்குப் பாலைக் குழாய் வழியாக நேரே இரைப்பைக்குச் செலுத்துகின்றனர். பால் வயிற்றை அடைகிறது; நாவோ அதன் சுவையை அறிவதில்லை. அத்தகைய சிசுக்களின் நாவில் சொட்டுச் சர்க்கரை நீரை இட்டபோது, வெறும் நீரை இட்டபோதினும் அவை வலிவாகவும் அடிக்கடியும் உறிஞ்சின என்று 1985-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால், விழுங்கத் தெரியாத குழந்தையின் வாயில் நீர்மத்தை இட்டால், அது மூச்சுக்குழாயில் நுழைந்துவிடக் கூடும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மோனெல் ஆய்வு நிலையத்தினர் 1990-இல் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். ஜெலட்டினாற் செய்த காம்பில் சர்க்கரையைப் பொதிந்து வைத்தனர். நீர்மம் இல்லாமலே சுவை மட்டும் நாவை அடைந்தது. இனிப்புக் காம்பைக் குழந்தைகள், குறைமாதக் குழந்தைகள் உட்பட, இனிப்பில்லாக் காம்பினும் மிகுதியாகவும் வலிவாகவும் சப்பின.

நோவைப் பற்றிய ஆராய்ச்சியும் இங்கு வந்து சேர்கிறது. பிறந்த குழந்தை நோவை உணர்வதில்லை என்று எண்ணி, போதிய மயக்க மருந்தின்றியே அறுவை செய்த காலம் ஒன்று இருந்தது. 1987-இல் ஆனந்த், ஹிக்கி என்னும் மருத்துவர் இருவர் எழுதிய கட்டுரை அவ்வெண்ணத்தை அசைத்தது. 1991-இல் பிளாஸ், ஹாஃப்மையர் என்போர், குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்குமுன் சிறிது சர்க்கரை நீர் தந்தால் குழந்தையின் அழுகை குறைகிறது என்று காட்டினர். இம்முறை பல நாடுகளிற் பரவியது. ஆனால், 2010-இல் இலண்டன் ஆய்வாளர்கள் மூளையின் மின்னலைகளையும் பதிவு செய்தபோது, முகம் அமைதியுற்றாலும் மூளையில் எழும் நோவின் குறி குறையவில்லை என்று கண்டனர். முகம் ஒரு விடை தருகிறது, மூளை மற்றொரு விடை தருகிறது. எதனை நம்புவது என்னும் வாதம் தொடர்ந்தது.

குழாய் வழிப் பால் புகட்டும்போது, பாலின் மணத்தையும் சுவையையும் சிசுவுக்குக் காட்டினால் அது விரைந்து வளருமா என்று ஆஸ்திரேலியாவில் பெரியதோர் ஆய்வு நடந்தது. எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அதன் முடிவு 2021-இல் வெளியாயிற்று. ஓரிரு நிமிடம் உறிஞ்சலைத் தூண்டுவது வேறு. வாரக்கணக்கில் உடலை வளர்ப்பது வேறு என்பதை இது நினைவூட்டுகிறது.

தாய் உண்ணும் உணவும் பாலின் மணத்தை மாற்றும். நம் வீடுகளில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பூண்டு சேர்த்த பத்தியம் தருவது வழக்கம். 1991-இல் மோனெல் நிலையத்தைச் சேர்ந்த மெனெல்லா, போசாம்ப் ஆகிய இருவரும் தாய்மார்க்குப் பூண்டு தந்து பார்த்தனர். 2 மணி நேரம் கழிந்தபோது பாலில் பூண்டு மணம் மிகுந்திருந்தது. அப்போது குழந்தைகள் மார்பில் நெடுநேரம் ஒட்டியிருந்து மிகுதியாக உறிஞ்சின. அதே ஆண்டில், தாய் மது அருந்திய பின் குழந்தை குடிக்கும் பாலின் அளவு குறைகிறது என்றும் அவர்கள் கண்டனர். தொடக்கத்தில் குழந்தை அடிக்கடி உறிஞ்சியும் பால் குறைவாகவே உட்சென்றது. உறிஞ்சுவது எல்லாம் பருகுவதாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, தொடக்கத்திற் கண்ட பழைய வழக்கங்களுக்கு மீள்வோம். இனிப்பு உறிஞ்சத் தூண்டும் என்று சொரானஸ் முதலியோர் கண்டது உண்மையே. ஆனால், அதற்குத் தேனும் சர்க்கரையும் வேண்டும் என்று கருதியது பொருந்தாது. அவர் வெறுத்த முதற்பாலே நோயைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்தது. தேனில் கிருமி வித்துக்கள் இருக்கக்கூடும். அவற்றால் சிசுக்களின் தசைகளைத் தளர்த்தும் கொடிய நோய் ஒன்று உண்டாகிறது என்பது 1976-க்குப் பின் தெரியவந்தது. எனவே, ஒரு வயது நிறையுமுன் தேன் தரலாகாது என்பது மருத்துவர் விதி. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவக் காரணமின்றிப் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் தரவேண்டாம் என்றது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும் என்பது 2001 முதல் அந்நிறுவனம் கூறும் அறிவுரை. குழந்தையின் நா தேடும் இனிப்பு, வேண்டிய அளவில் தாயின் பாலிலேயே அமைந்திருக்கிறது.

குஸ்மால் தூரிகையில் தொட்டு வைத்த ஒரு துளி சர்க்கரை நீரிலிருந்து, மூளையின் மின்னலைகளைப் பதியும் கருவிவரை, கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். ஒவ்வொரு தலைமுறையும் அதனை முன்னிலும் சற்றுத் தெளிவாகக் கேட்கக் கற்றது. பிறந்த குழந்தை ஒன்றும் அறியாதது என்று எண்ணியவரை, சிசுக்களிடம் பொறுமையுடன் வினவ எவரும் முயலவில்லை. வினவத் தொடங்கிய பிறகே, குறைமாதச் சிசுவின் உணவையும் அதன் நோவையும் பற்றிய நம் எண்ணங்கள் மாறின. மருத்துவமும் உளநூலும் பயில விரும்பும் மாணவர்களுக்கு இத்துறையில் இன்னும் செய்ய வேண்டிய பணி மிகுதியாகக் காத்திருக்கிறது.